ஒரே வீட்டிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்கள்

எங்கள் ஹோட்டலில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜரிலிருந்து, அவளைவிட மூத்த வாட்ச்மேன் வரைக்கும். உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி, தம்பி பொண்டாட்டிக்கு. அந்தச் சின்னவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவள்தான். வந்த நாளிலிருந்து அவள் "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே சுற்றியதில் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நானும் அண்ணி என்றுதான் கூப்பிட்டேன், ஆனால் வா போ என்றுதான் பேச்சு.

நான் அங்கே தையல்காரி. கீழ்த்தளத்தில் துணி ரூமில் ஒரு மூலை எனக்கு. கிழிந்த பெட்ஷீட், வளையம் அறுந்த திரைச்சீலை, பட்டன் போன யூனிஃபார்ம் எல்லாம் முதலில் என் மெஷினுக்குத்தான் வரும். யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்கிற சேதியும் அப்படித்தான்.

அண்ணி அறை துடைக்கிற வேலையில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படுக்கையில் தலைமுடி தேடுவாள். ஒருத்தி சரியாக விரிக்கவில்லை என்றால் சொல்லிவிட்டுப் போகமாட்டாள், தானே பிரித்து விரித்துக் காட்டுவாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தாள். வேலையில் அண்ணி சொன்னதைச் சின்னவள் கேட்பாள். வீட்டில் எந்தப் பாத்திரத்தை எங்கே கவிழ்க்க வேண்டும் என்பது வரைக்கும் சின்னவள் சொன்னதை அண்ணி கேட்பாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போவார்கள். ஹோட்டல் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை, வீட்டுப் பேச்சை ஹோட்டலில் எடுப்பதில்லை. அதனால் வருஷக்கணக்காக ஒரு பொல்லாப்பும் இல்லாமல் ஓடியது.

அதில் மண்ணள்ளிப் போட ஒரு புது மேனேஜர் வந்து சேர்ந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவன் சென்ட் வாசனை வரும். அண்ணிக்கு வேலை அதிகமாகிவிட்டது என்று அவனாகவே கண்டுபிடித்து, சின்னவளையும் சூப்பர்வைசர் ஆக்கினான். கீழ் மாடிகள் அண்ணிக்கு, மேல் மாடிகள் சின்னவளுக்கு. சரி. துணி ரூம் யாருக்கு? எந்தப் பெண்ணை எந்த மாடிக்கு அனுப்புவது என்று யார் சொல்வது? அண்ணி போய்க் கேட்டாள்.

"ரெண்டு பேரும் பேசிப் பாத்துக்கோங்க. ஒரே குடும்பம்தானே?" என்று சிரித்தானாம்.

பேசுவதா? எங்கே பேசுவது? ஹோட்டலில் பேசினால் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் பேசக்கூடாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய பாடு. அதனால் பேசவே இல்லை. அண்ணி பழக்க தோஷத்தில் மேல் மாடிக்கும் போய்ப் படுக்கையைப் பிரித்து விரித்தாள். சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், தன் கீழே வேலை பார்க்கும் பெண்கள் முன்னால்.

ஒரு நாள் வெடித்தது. ஏதோ கம்பெனிக் கூட்டத்துக்கு ஏகப்பட்ட பேர் வந்து இறங்கினார்கள். மேல் மாடிக்கென்று அடுக்கி வைத்திருந்த பெட்ஷீட்டையெல்லாம் அண்ணி தன் மாடிகளுக்கு அனுப்பிவிட்டாள். மேலே மெத்தைகள் மொட்டையாகக் கிடந்தன. வந்தவர்கள் வரவேற்பறையில் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு முகத்தைச் சுளித்தார்கள்.

சின்னவள் படியிறங்கி என் மூலைக்கு எதிரே வந்து நின்றாள். "என் மாடிக்கு வெச்சிருந்ததை யாரைக் கேட்டு எடுத்தீங்க அண்ணி?"

"யாரைக் கேக்கணும்? இந்த ரூமை இத்தனை நாளா யார் பாத்துக்கறா?"

"அது அப்போ. இப்போ யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"உனக்கு ஷீட் மடிக்கக் கத்துக் குடுத்தவ நான்."

"ஆமா, கத்துக் குடுத்தீங்க. அதையே எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவீங்க?"

அண்ணி ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யார் பக்கம் வாயைத் திறப்பது என்று தெரியாமல் நான் மெஷினை மிதித்தேன்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டான். உங்களில் ஒருத்தர் தலைமை, இன்னொருத்தர் பழையபடி அறை வேலைக்கு. யாரென்று நீங்களே முடிவு பண்ணி வாரக் கடைசிக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்றான். சம்பளம் வாங்கிக்கொண்டு அவன் செய்ய வேண்டிய ஒரே வேலை அது. அதையும் இவர்கள் தலையில் கட்டிவிட்டு ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

"நீ போய் நான்தான்னு சொல்லு" என்றேன் அண்ணியிடம். "உன்னைவிட யாருக்கு இந்த வேலை தெரியும்? இதுல என்ன வெக்கம்?"

"சொல்லலாம்" என்றாள். "இங்க ஜெயிச்சுட்டு சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போறது?"

மறுநாள் தம்பி வந்தான். வேன் ஓட்டுகிறவன், ஹோட்டல் வாசலோடு திரும்பிவிடுவான், துணி ரூம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். அண்ணிதான், "பரவால்ல, சொல்லு" என்றாள்.

"அக்கா, அவ கீழ எறங்கினா வீட்ல என்னால இருக்க முடியாதுக்கா. ராத்திரி பூரா அழறா."

"நான் எறங்கினா?"

அவன் டிராலியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ பொறுத்துக்குவக்கா."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. தூக்கி எறியலாமா என்றிருந்தது. அண்ணியோ அவன் சட்டைக் காலரில் தொங்கிய ஒரு நூலைப் பார்த்துவிட்டு, அதே கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கி வெட்டிவிட்டாள். அன்றைக்கே மேனேஜரிடம் போய்ச் சின்னவள் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதோடு பிரச்சினை ஓய்ந்தது என்றுதான் நினைத்தோம். அண்ணி மறுபடி பக்கெட்டைத் தூக்கினாள், குளியலறைத் தரையில் முழங்கால் போட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, ஒரு குத்தல் பேச்சு இல்லை. சின்னவள்தான் தவித்தாள். நேராக வேலை சொல்ல வாய் வராமல், "அவங்களை அஞ்சாவது மாடிக்குப் போகச் சொல்லு" என்று யாரிடமாவது சொல்லி அனுப்புவாள். பஸ்ஸில் இவள் முன் வாசலில் ஏறினால் அவள் பின் வாசலில் ஏறினாள்.

ஒரு மத்தியானம் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சின்னவள் அழுதாள். "பகல் பூரா அவங்களை ஏவறேன் அக்கா. படியேறி மூச்சு வாங்கறதைப் பாக்கறேன். வீட்டுக்குப் போனா அதே முகம். தட்டுல சாப்பாடு போடறப்போ நிமிந்து பாக்க முடியல. ரெண்டு வார்த்தை திட்டினாங்கன்னா எனக்கு மனசு ஆறும். திட்டவே மாட்டேங்கறாங்க!"

"நீ போய்ப் பேசேன்."

"என்னன்னு பேசறது? வேலைய நீங்களே வாங்கிக்கோங்கன்னா? எனக்கும் அது வேணும் அக்கா."

அவளைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்வாள் என்று நம்பித்தான் அண்ணியைக் கீழே இறக்கினார்கள். இப்போது அந்தப் பொறுமையைத்தான் அவர்களால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் தம்பி ஓர் அறை பார்த்துவிட்டான். ஹோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. "உனக்கு பஸ் அலைச்சல் மிச்சம்க்கா" என்று சொன்னானாம். சாமான்களை அவனே வேனில் கொண்டு வந்து இறக்கினான். நானும் கூட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஒரு கட்டில், சுவரில் ஓர் அலமாரி, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல். அவன் குழாயைத் திறந்து பார்த்தான், விளக்கைப் போட்டு அணைத்தான், தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். அக்கா முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "வரேன்க்கா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அண்ணி கட்டிலில் விரிப்பைப் போட்டு நான்கு மூலையும் இழுத்துச் செருகினாள். எத்தனை நேரம்தான் மென்று முழுங்குவது?

"அன்னிக்கே சண்டை போட்டிருக்கலாம் நீ" என்றேன்.

அவள் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டிருந்தாலும் இந்த ரூமுக்குத்தான் வந்திருப்பேன்" என்றாள். "சூப்பர்வைசரா வந்திருப்பேன்."

சொல்லிவிட்டு, நான் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.