கூட்டுக் கிணறும் என் எல்.எல்.எம்.மும்

கோர்ட்டில் கேள்வி கேட்கிற வக்கீலுக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சட்ட ஆராய்ச்சி செய்கிறவருக்கோ அது தெரிந்திருக்கவே கூடாது. நாமக்கல் கோர்ட்டில் ஜூனியராக இருந்துகொண்டே சேலத்தில் எல்.எல்.எம். சேர்ந்த நான் இதைப் படிப்பதற்குள் பட்ட பாடு, ஆய்வேடு எழுதி மாட்டிக்கொண்ட உங்களுக்குப் புரியும்.

முதல் பக்கம்

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி விளைகிற காட்டைப் பிரித்துக்கொள்வார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆளுக்கொரு முறை வைத்து மோட்டார் போடுவார்கள். இதையே தலைப்பாக எடுத்து, 'எழுத்து ஒப்பந்தம் இல்லாததால்தான் கூட்டுக் கிணற்றில் தகராறு வருகிறது' என்று அடித்துச் சொல்லி, முதல் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைடு மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தீர்ப்பே எழுதிட்டீங்க, இனி விசாரணை எதுக்கும்மா?"

கறுப்பு வெள்ளை

திருச்செங்கோடு பக்கம் ஒரு ஊருக்குக் கோர்ட்டிலிருந்து நேராகப் போனேன், அதே கறுப்பு வெள்ளை உடுப்போடு. புத்திசாலித்தனமாக "நான் வக்கீலுங்க" என்று வேறு ஆரம்பித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் செத்துவிட்டது.

"ஏனுங்க, எங்க பங்காளி உங்கள அனுப்பிச்சுட்டாருங்களா?"

இரண்டு பூட்டு

மறுவாரம் வேறொரு ஊர், காட்டன் சேலை, மரியாதையான சிரிப்பு. பட்டா யார் பேரில் என்று வீட்டில் விசாரித்தேன்: பழனிசாமி, செல்வராசு என்று அண்ணன் தம்பி, ஒரே கிணறு. தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது பாடம், கேட்டேன். தன் முறை பொழுது சாய்கிற வரைக்கும் என்றார் அண்ணன். தன் முறை மத்தியானமே ஆரம்பித்துவிடும் என்றார் தம்பி. அட, இது எப்படி ஒத்துவரும் என்று எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "உங்க அண்ணன் வேற மாதிரி சொன்னாருங்களே!" என்று தம்பியிடம் கேட்டே விட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதும் பாடம்தான், அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே!

ரெண்டே நாளில் மோட்டார் ரூம் கதவில் ஆளுக்கொரு பூட்டு. இரண்டும் திறந்தால்தான் தண்ணீர். சின்ன வெங்காயம் திரண்டு வருகிற நேரம், தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு குடும்பத்துப் பாடும் போச்சு. மேடத்திடம் ஓடினேன்.

"பிரச்சினையக் கண்டுபிடிக்கத்தான் சொன்னேன், உண்டாக்கச் சொல்லலையேம்மா!"

மத்தியான மோட்டார்

மன்னிப்புக் கேட்கலாம் என்று மத்தியானம் கிணற்றுக்குப் போனால், மோட்டார் ஓடுகிறது! வாய்க்காலில் தண்ணீர், வெங்காயம் நிமிர்ந்து நிற்கிறது. பழனிசாமி வீட்டம்மா பாப்பாத்தியும் செல்வராசு வீட்டம்மா கவிதாவும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு மடை திருப்புகிறார்கள்.

"பூட்டு?" என்றேன்.

"சாவி ஊட்லதானுங்களே தொங்குது. அவங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிருக்கறாங்க. வந்ததும் பூட்டிருவோம், கோவம் தீர்ற வரைக்கும் பூட்டு இருக்கட்டுமுங்க" என்றார் கவிதா.

"அப்ப யார் முறை எப்போ முடியும்?"

"எந்தப் பக்கம் வாடுதோ அந்தப் பக்கம் மொதல்ல. எப்பவுமே நாங்கதானுங்க மோட்டார் போடறது."

அடக் கடவுளே! ஊர் ஊராக அலைந்து எழுதிய அத்தனை பதிலும் ஆண்கள் சொன்னது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லீங்க?" என்றேன், அழாத குறையாக. பாப்பாத்தி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"பட்டா யார் பேர்லன்னு கேட்டீங்க, அவங்களக் காட்டுனோம். எங்கள நீங்க கேக்கவே இல்லீங்களே!"

ஆக, என் ஆய்வேடு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறது, அவர்கள் வெங்காயம் மட்டும் குறித்த நேரத்தில் சந்தைக்குப் போகிறது.