சரிவில் நின்ற எக்ஸ்ரே வண்டி

மாசி மாதத்து வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. என் டைரி அப்படித்தான் சொல்கிறது. மலைமேல் வாழவந்தி நாட்டில் காசநோய் முகாம். எக்ஸ்ரே வண்டியை நிறுத்தச் சமதளம் கிடைக்காமல், சரிவிலேயே நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தோம். படம் எடுப்பவன் நான், கீழ்நாட்டுக்காரன்.

மிளகு விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். மூன்று நாள் முன்பு மிளகு பறிக்கையில், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்து ஏணியிலிருந்து விழுந்தாராம். இடது விலாவில் வலி. பேசினால் மூச்சு வாங்கியது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் நெஞ்சை வைத்தார்.

“நேரா நில்லுங்க.”

“நேராத்தானுங்க நிக்கறேன். உங்க வண்டிதான் கோணலா நிக்குது.”

நோயாளிகள் சொல்லும் பௌதிகத்தை நான் மதிப்பதில்லை. எடுத்தேன்.

திரையில் இடது நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளை, மேற்பாதி கருப்பு. நடுவே அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு, ஆனால் சாய்வாக. முகாமுக்கு வந்திருந்த இளம் டாக்டரம்மா தயங்கினார். நுரையீரலைச் சுற்றிக் காற்றும் நீரும் சேர்ந்தால் கோடு கிடையாகத்தான் விழும்.

“தண்ணி எங்கயாவது சாஞ்சு நிக்குமா மேடம்? பழைய தழும்பு,” என்றேன், என் சர்வீஸ் முழுவதன் திமிரோடும். வலி மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தவர், மறுபடி திரையைப் பார்த்தார்.

“மேல கருப்புல நுரையீரலோட இழையே காணோமே. முதுகெலும்புகூட சாஞ்சிருக்கு.” பிறகு விவசாயியிடம் திரும்பி, “வண்டி கோணல்னா சொன்னீங்க?”

டாக்டரம்மா பிளாஸ்க்கிலிருந்த டீயை டம்ளரில் ஊற்றி, வண்டிக்குள் இருந்த மேசைமேல் வைத்தார். டம்ளருக்குள் டீ, திரையிலிருந்த கோட்டின் அதே சாய்வில் நின்றது. சாய்ந்திருந்தது தண்ணி அல்ல, என் வண்டிதான்.

“விலா ஒடஞ்சு உள்ள ரத்தமும் காத்தும் சேந்திருக்கு. இப்பவே கீழ ஆஸ்பத்திரிக்குப் போகணும். தள்ளிப்போட்டா உசுருக்கு ஆபத்து.”

“மிளகு பழுத்து நிக்குதுங்க. பறிச்சுப்போட்டு ரெண்டு நாள்ல வாரேன்.”

மனைவி அவர் சட்டையை எடுத்து நீட்டினார். “மிளகு நான் பறிச்சுக்கறேன். நீங்க மொதல்ல ஒழுங்கா மூச்ச வுடுங்க.”

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஆம்புலன்ஸ் இறங்கியது. கீழே விலாவுக்கிடையில் குழாய் போட்டு ரத்தத்தை வடித்தார்கள். எட்டாம் நாள் நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது. அதற்குள் வீட்டுக்காரம்மா அத்தனை மரமும் ஏறி, ஒரு கொடி பாக்கியில்லாமல் பறித்து முடித்திருந்தார், எங்கும் விழாமல். அதைக் கேட்ட பிறகுதான் மனிதருக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியதாம்.