முப்பத்தாறு கந்தாங் பீப்பாய்

சாந்தமேரிக்கு நான் எண்ணூற்று நாற்பது ரிங்கிட் கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கிய கடனில்லை. இந்தத் தம்புசாமி எவனிடமும் கைநீட்டியவனில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று இரண்டு லோரி, பூச்சோங்கில் சொந்த வீடு. இந்தக் கடன் என் வாய்க்கணக்கால் வந்தது.

சாந்தமேரி கிள்ளான் பக்கம் மேருவில் இருபது மாடு வைத்திருப்பவள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் மாட்டின் பக்கத்தில் நிற்கவே பயப்படுவாளாம். புருஷன் போன பிறகு சங்கிலியை அடகு வைத்து முதல் பசுவை வாங்கினாள். அந்தப் பசுவின் வழியில் வந்ததுதான் செவலை. அவள் குரல் கேட்டால் மட்டும் காதை ஆட்டும்.

பீர் ஆலையில் பார்லியை ஊறவைத்து வடித்தபின் மிஞ்சும் சக்கையை மாட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோய் விற்பது என் தொழில். விடியற்காலையில் சூடாக ஏற்றுவேன். லோரி ஓட ஓடப் பின்னால் வெள்ளை ஆவி எழும். பனியும் ஆவியும் கலந்து செம்பனை மரங்கள் வேரில்லாமல் மிதக்கும். கஞ்சியும் வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அதற்குள் போகும்போது எனக்கு வயது தெரியாது.

ஆலைக்காரர்கள் பீப்பாய் என்பார்கள். சாந்தமேரி கந்தாங் என்பாள். கந்தாங் என்பது அந்தக் காலத்து அரிசி அளக்கும் மரப்படி, ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர், பிடிக்கும். பீப்பாய்க்கு முப்பத்தாறு காலன். ஆக முப்பத்தாறு கந்தாங், ஒன்பது மண்ணெண்ணெய் டின். பழைய ஆலையில் முப்பது வருஷம் இந்தக் கணக்கில் கால்குலேட்டர்காரர்களையே ஜெயித்திருக்கிறேன்.

அந்த ஆலை மூடியதும் ஒரு புதுச் சிறிய ஆலைக்கு மாறினேன். டிரம் கொஞ்சம் குட்டையாகத்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் கண்ணை ஏமாற்றும் என்று நினைத்துக்கொண்டேன். கந்தாங் ஐம்பது சென், பீப்பாய்க்குப் பதினெட்டு ரிங்கிட், வாரத்துக்கு எட்டு பீப்பாய். சாந்தமேரியிடம் இருபத்தொரு வாரம் அப்படியே காசு வாங்கினேன்.

ஒரு திங்கட்கிழமை சாந்தமேரி வழியில் நின்றாள்.

"அண்ணே, இன்னிக்குப் போடுற சக்கை வியாழக்கிழமை வரைக்கும் வரணும். புதன்கிழமையே தீந்து போவுது. புண்ணாக்கு வாங்கி வாங்கிக் கடையில பாக்கி ஏறிப்போச்சு. சனிக்கிழமை செவலைய விக்கிறேன்."

"நீ குமிச்சு அளக்குற, மேரி. அதான்."

"அப்ப ஒங்க முன்னாலயே அளக்குறேன்."

ஒரு டிரம்மைத் தார்ப்பாயில் கவிழ்த்தாள். மரப்படியை நிரப்பி, மூங்கில் துண்டால் விளிம்போடு வழித்தாள். "லாபம்" என்று ஆரம்பித்தாள். முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்வதில்லையே. "ரெண்டு... மூணு..." ஆவி அவள் முகத்தை மறைத்துவிட்டது. குரல் மட்டும் வெள்ளைக்குள் எண்ணிக்கொண்டு போனது. இருபத்தைந்தோடு நின்றது. இருபத்தாறாவது படி நிறையவில்லை.

"லாபத்த எண்ணாம விட்டுட்ட."

"அதையும் சேத்துத்தான் இருவத்தஞ்சு லா! நம்பலன்னா நீங்க அளங்க."

அளந்தேன். அதே கணக்கு.

நேரே ஆலைக்குப் போனேன். அங்கே பீர் காய்ச்சுகிறவர் மார்வின், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்.

"இது அமெரிக்கா பேரல், அங்கிள். முப்பத்தொரு காலன். அவங்க காலனும் சின்னது. அவங்களது ஆறு சேந்தாத்தான் நம்மளது அஞ்சு. நீங்க கேக்கவே இல்லையே?"

பேனா இல்லாமல் லோரியிலேயே போட்டேன். முப்பத்தொன்றை ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் இருபத்தாறுக்குத் துளி குறைவு. பீப்பாய்க்குப் பத்து கந்தாங்கின் விலை, ஐந்து ரிங்கிட், கூடுதலாக வாங்கியிருக்கிறேன். நூற்று அறுபத்தெட்டு பீப்பாய்.

வியாழக்கிழமை அந்த எண்ணூற்று நாற்பதும் சட்டைப்பையில் இருந்தது, வாய் வரவில்லை. முப்பத்தாறு என்று ஊரெல்லாம் சொன்ன வாய். இரண்டு டிரம் அதிகமாக இறக்கினேன்.

"என்னண்ணே, ரெண்டு கூடுது?"

"லோரில இடம் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. செவலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடியலில் போனபோது கிள்ளான் மாட்டு வியாபாரியின் லோரி வாசலில் நின்றது. செவலையின் கழுத்தில் புதுக்கயிறு. பனிக்குள் அது பாதி மாடாகவும் பாதி புகையாகவும் தெரிந்தது. சாந்தமேரி கயிற்றை வியாபாரியின் கையில் கொடுக்கப் போனாள்.

"மேரி, நில்லு. தப்பு ஒன் படியில இல்ல. என் கணக்குல."

"என்னண்ணே?"

"என் கணக்கு தப்பு!"

"இன்னும் சத்தமா சொல்லுங்க. செவலைக்கும் கேக்கட்டும்."

எல்லாவற்றையும் சொன்னேன். வியாபாரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க, பாஸ். கடை பாக்கிக்குப் பணம் வந்துருச்சு. மாடு விக்கிறதுக்கு இல்ல."

வியாபாரி முனகிக்கொண்டே லோரியில் ஏறினார். சாந்தமேரி கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினாள். விரலிடுக்கில் இன்னும் உமி ஒட்டியிருந்தது. முதல் ஐம்பதை வைத்தேன்.

"லாபம்."

"யாருக்கு?" என்றாள்.

"ரெண்டு," என்றேன். "மூணு." பதினாறு ஐம்பது, அதற்கு மேல் இரண்டு இருபது. ஒவ்வொன்றாக எண்ணி அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தேன்.