அப்பா வைத்திருந்த வாய்தாச் சீட்டு

அளவுக்காரம்மாவிடம் "இதுவா, அதுவா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கடைத்தெரு முனையில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். ஒருவருடைய அளவை ஒரு தடவை எடுத்தால் பத்து வருடம் கழித்தும் நோட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். பேர் வந்தது அப்படித்தான். ஆனால் கழுத்து வட்டமாக வைப்பதா, சதுரமாகவா என்று கேட்டால் போச்சு. "உங்க இஷ்டம்மா, போட்டுக்கப் போறது நீங்க." பச்சை எடுப்பா, நீலம் எடுப்பா? "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு." மகளுக்கு இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் வெறுத்துப்போய்க் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தது.

கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். "கல்யாணமான புதுசுல டீயா காப்பியான்னு கேட்டேன், இன்னும் பதில் வரலை" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். பதிலுக்குக் காத்திராமல் அவராகவே டீ வாங்கி வந்துவிடுவார். அவளும் குடித்துவிடுவாள்.

இந்தக் குணம் எங்கே பிடித்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஏழு வயதில் ஒரே ஒரு தடவை பளிச்சென்று ஒரு பதில் சொன்னாள். அதோடு அம்மா ஊரை விட்டே போய்விட்டாள்.

அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போகாமல் பிரிந்த காலம் அது. அவள் அப்பா வீட்டில், அத்தையின் கையில் வளர்ந்தாள். அம்மா டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருந்தாள். பிள்ளை யாரிடம் இருப்பது என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அந்த நீளமான தாழ்வாரம் இன்றைக்கும் அவள் கண்ணில் நிற்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழப்பான பெஞ்சு. ஏதோ ஓர் அறையிலிருந்து விடாமல் கேட்கும் டைப்ரைட்டர் சத்தம். அம்மாவின் பழுப்புக் கைப்பை. அதைத் திறந்தாலே பவுடர் வாசனை வரும். அத்தை கட்டிவிட்ட ரிப்பன் எப்போதும் ஒரு காதுப் பக்கம் ஏறி நிற்கும். அன்றைக்கு அம்மா பையிலிருந்து சீப்பை எடுத்து, மகளை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, ஜடையை அவிழ்த்து முதலிலிருந்து பின்னினாள். அவசரமே படவில்லை. அவ்வளவு நேரம் யாரும் அவளுக்குத் தலை பின்னியதில்லை.

பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஜட்ஜு மேஜை டிராயரிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தார். ஏதோ கேட்டார். அவள் "அப்பா" என்றாள்.

வெளியே ஓடி வந்து, "அப்பான்னு சொல்லிட்டேம்மா" என்றாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கே கண்ணு" என்றாள். அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதில்லை. மகளுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது ஒரு காய்ச்சலில் அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

அத்தைக்கோ அதுதான் பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "ஜட்ஜு கேட்டதும் குழந்தையே அப்பாதான் வேணும்னு சொல்லிடுச்சுல்ல!" என்பாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "கேஸ் போட்டு வாங்கின பொண்ணுல்ல இவ" என்பார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பெற்ற தாயை வாயாலேயே துரத்தினவள் நான் என்று அரை நூற்றாண்டாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் அப்பா போனார். அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது, கரண்ட் ரசீதுகளுக்கு அடியில் மஞ்சளாகிப்போன வாய்தாச் சீட்டு ஒன்று கிடைத்தது. வழக்கு நடக்கும் நாளைக் குறித்துக் கொடுக்கிற துண்டுச் சீட்டு. தேதி இருந்தது. வழக்கு எண் இருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. அளவு நோட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடமாடினாள். மூன்றாம் நாள் கணவரிடம் சொன்னாள்.

"அந்தக் கேஸ் பேப்பரைப் பாக்கணுங்க. அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சா போதும்."

"அம்பது வருஷத்துக் கதை. இப்பப் போய்க் கிளறி என்ன ஆகப்போகுது?" என்றார் அவர். சொன்னாரே தவிர, குடையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

நீதிமன்றத்து நகல் பிரிவு ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்ல மாதிரிதான். "நம்பர் இல்லேன்னா எங்களைக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிம்மா. சரி, பேரும் வருஷமும் எழுதித் தேடச் சொல்லி மனு குடுங்க" என்றார். அப்பா பெயரை எழுதி, சீட்டில் இருந்த வருடத்தைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் பதில்: மேற்படி பெயரில் வழக்கு ஏதும் காணப்படவில்லை. முந்தின வருடத்துக்கு ஒரு மனு. காணப்படவில்லை. அதற்கும் முந்தின வருடத்துக்கு ஒன்று. அதே பதில், அதே கையெழுத்து.

நான்காவது மனுவோடு நின்றபோது, முகத்தில் கைக்குட்டை கட்டிய ஓர் ஆள் உள்ளிருந்து வந்தார். பதிவறைக்காரர். தலை முழுக்கத் தூசி.

"ஏம்மா, நீங்கதானா அது? மூணு தடவை என்னை ஏணி ஏற வெச்சீங்களே! கேஸ் போட்டது யாரு?"

"எங்கப்பா."

"பாத்தீங்களா?"

"பாக்கலை. அவரேதான் சொல்லுவாரு."

"அட போங்கம்மா! ஜெயிச்சவங்க எல்லாருமே தாங்க போட்ட கேஸுன்னுதான் சொல்லிக்குவாங்க. எங்க பழைய புத்தகத்துல மனு போட்டவங்க பேர் மட்டுந்தான் இருக்கும், எதிராளி பேர் வராது. உங்கம்மா பேரை எழுதுங்க."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் படிவத்திலிருந்து ரேஷன் அட்டை வரைக்கும் எங்கேயும் அம்மா பெயரை எழுத நேர்ந்ததில்லை. எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று. அப்படியென்றால் அம்மாதான் நம்மைக் கேட்டு வழக்குப் போட்டாளா? கேட்டு வந்தவளையா அப்படிச் சொல்லி அனுப்பினோம்?

அரை மணி நேரத்தில் அவர் எண்ணோடு வந்தார். "கிடைச்சிடுச்சு. ஆனா ஒண்ணு, மனசைத் தேத்திக்கோங்க. மனு, வாக்குமூலம் எல்லாம் எப்பவோ அழிச்சிருப்பாங்க. ஜட்ஜு போட்ட உத்தரவு மட்டும்தான் இருக்கும்."

பத்து நாள் கழித்து நகல் கையில் வந்தது. நாலே பக்கம், மூலையில் முத்திரை. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதல் இரண்டு பக்கம் சட்டப் பேச்சு. மூன்றாம் பக்கத்தில் இருந்தது:

"மனுதாரரான தாய் இன்று காலை ஒரு குறிப்பு தாக்கல் செய்துள்ளார். தமக்கு வெளியூருக்கு மாற்றல் வந்துவிட்டதென்றும், அங்குள்ள விடுதியில் குழந்தையை வைத்துக்கொள்ள இடமில்லையென்றும், ஆகவே மனுவைத் திரும்பப் பெறுவதாகவும் கூறுகிறார். யாருடன் இருக்க விருப்பம் என்று குழந்தையிடம் கேட்க வேண்டாம் என்றும், ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவரைத் தானே விரட்டிவிட்டதாக ஆயுள் முழுக்க அது நினைத்திருக்கும் என்றும் வேண்டுகிறார். வேண்டுகோள் ஏற்கப்பட்டது. குழந்தையைத் தனியறையில் பார்த்தேன். வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தினமும் பள்ளியில் கொண்டுவிடுவது யார் என்று கேட்டதற்கு 'அப்பா' என்றது. குழந்தை நன்கு பராமரிக்கப்படுகிறது. தலைமுடி நேர்த்தியாகப் பின்னப்பட்டிருந்தது."

துணி வெட்டுமுன் இரண்டு தடவை அளக்கிறவள், இதை நாலு தடவை படித்தாள். அப்புறம் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடமாடும் இடம் என்றும் பாராமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கணவர் பதறிப்போனார்.

"என்னம்மா? என்ன எழுதியிருக்கு? அழற மாதிரியா இருக்கு?"

"அந்த ஜடை எங்கம்மா போட்டதுங்க" என்றாள். "இதே பெஞ்சுல உக்காந்து போட்டாங்க. ஜட்ஜு அதையும் அப்பா கணக்குல எழுதிட்டாரு."

பாவம், அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காகிதத்தை வாங்கி அவரே படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்கப்பா பெரிய ஆளுதான். போடாத கேஸைச் சொல்லி அம்பது வருஷம் மீசையைத் தடவியிருக்காரே" என்றார். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மேல் கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தினமும் சைக்கிளில் பள்ளியில் கொண்டுவிட்டவரும் அவர்தானே.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தாள்! அந்த நினைப்பு மட்டும் ஆறவே இல்லை.

கணவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "கொஞ்சம் உக்காரு. வாசல்ல டீ வாங்கிட்டு வரேன்."

"காப்பி" என்றாள்.

அவர் திரும்பினார். "என்னது?"

"காப்பி வாங்கிட்டு வாங்க. எனக்கு டீ பிடிக்காது."

"அடிப்பாவி! முப்பத்திரண்டு வருஷமா குடிச்சியே!"

"நீங்க வாங்கிட்டு வந்தீங்க, குடிச்சேன்" என்றாள் அளவுக்காரம்மா. "இனிமே கேட்டுட்டு வாங்குங்க."