நான் மறைத்துவைத்த வெல்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் வீட்டு கேட்டுக்கு வெளியே இரண்டு பேர் நின்று ஒரு கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருடர்கள் இல்லை. விருந்தாளிகள்தான். இரண்டு மாதமாக எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். கேட்டின் மேல் கீல் விட்டுப்போய்விட்டது. கேட் ஒரு பக்கம் இறங்கி, தாழ்ப்பாள் எட்டாமல் நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு நைலான் கயிறு வாங்கி வந்து தூணோடு சேர்த்துக் கட்டினார். தற்காலிகமாகத்தான், என்றார். எங்கள் நாகமலை புதுக்கோட்டை ஆடுகளுக்கு மிச்சமிருந்த இடைவெளியே போதுமானதாக இருந்தது. என் செம்பருத்தியில் இப்போது குச்சிகள் மட்டும் இருக்கின்றன.

நல்ல வெல்டர் கிடைக்கவில்லை… அதுதான் விஷயம். எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கேட்டை அப்படியே விட்டுவிட்டு, திருவாதவூர் வாசகர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விவசாயி. நான் எழுதும் இந்தப் பத்திக்கு அடிக்கடி மெயில் அனுப்புகிறவர். இணையப் பக்கங்களில் குதித்துக் குதித்து வரும் விளம்பரப் பெட்டிகளைப் பற்றி நான் புலம்பியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு எழுதினார்: நெல் விலை பார்க்கப் போனால் இடுப்புவலித் தைலம் குறுக்கே வந்து நிற்கிறது, நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், நீங்களும் செய்து பாருங்கள்.

செய்து பார்த்தேன். பிரௌசரில் சேர்த்துக்கொள்கிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன். மூலையில் அழிரப்பர் படம் போட்ட ஒரு பொத்தான். அதைத் தட்டிவிட்டு, பக்கத்தில் வேண்டாத எதன் மேலாவது மவுஸைக் கொண்டுபோனால் அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் வரும். ஒரு க்ளிக். அது காணாமல் போய்விடும். நாளைக்குத் திறந்தாலும் வராது. நாமே கூப்பிட்டால்தான் வரும். மறைவது நம் பிரௌசரில் மட்டும்தான். மற்றவர்களுக்கு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். மறைத்தோம் என்கிற தகவல், மறைக்கப்பட்டவருக்குப் போகாது.

பத்திரிகை டெஸ்க்கில் இருந்தவர்களுக்குத்தான் இதன் ருசி தெரியும். மாலையில் பக்கத்தின் வரைபடம் எங்கள் மேஜைக்கு வரும்போதே விளம்பரங்கள் அதில் உட்கார்ந்திருக்கும். மிச்சமிருக்கும் இடம்தான் செய்திக்கு. ஒருமுறை நகைக்கடை விளம்பரம் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டதால், ஒரு நல்ல வெள்ளச் செய்தியின் கடைசி பாராவை வெட்டினேன். அந்தக் கோபம் இத்தனை வருஷம் எங்கேயோ கிடந்திருக்கிறது. ரப்பரைக் கையில் எடுத்ததும் வெளியே வந்துவிட்டது.

முதலில் சுத்தம் செய்தது செல்வத்தின் வெப்சைட்டை.

செல்வம் என்னோடு வேலை பார்த்த நிருபர். வேலையை விட்டுவிட்டு, அவனியாபுரம் பக்கத்துச் செய்திகளுக்கென்றே ஒரு வெப்சைட் நடத்துகிறான். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, ஷேர் ஆட்டோ இன்று எந்த வழியாகச் சுற்றிப் போகிறது, யார் வீட்டுக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது… நிருபர், போட்டோகிராபர், ஆசிரியர், விளம்பர மேனேஜர் எல்லாம் அவன் ஒருத்தனே. நன்றாக எழுதுவான். தினமும் காலையில் படிக்கிறேன். ஆனால் வலது பக்கம் முழுக்க விளம்பரம். அதில் ஒன்று மட்டும் பொறி பறக்கப் பறக்கச் செய்தியின் மேலேயே மிதந்துவரும். யாருடையது, என்ன விற்கிறார்கள் என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. க்ளிக்.

பக்கம் சலவை வேட்டி மாதிரி ஆகிவிட்டது. நாலே நாளில், அங்கே விளம்பரம் என்று ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோனது.

சனிக்கிழமை செல்வம் போன் செய்தான்.

“அக்கா, நீங்க நம்ம சைட்ட டெய்லி படிக்கிறீங்கள்ல?”

“படிக்கிறேன்ப்பா.”

“அது போதும். நாளைக்கு விளம்பரக்காரர் ஒருத்தரக் கூட்டிட்டு வாரேன். மூணு மாசமா விளம்பரம் குடுத்தாரு. பாத்துட்டு வந்தேன்னு ஒரு ஆளு சொல்லல, நிப்பாட்டிருங்கங்கிறாரு. நெசமாவே படிக்கிற ஆள நேர்ல காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். அவரப் பாத்துத்தான் மத்தவங்க எல்லாம் குடுத்தாங்க. அவரு போனா ஒண்ணொண்ணாப் போயிரும்க்கா. நான் கடையச் சாத்திட்டு வேற வேலை பாக்க வேண்டியதுதான்.”

கூட்டிட்டு வா, என்றேன்.

கேட்டுக்கு வெளியே முடிச்சோடு போராடியவர்கள் அந்த இருவர்தான். செல்வத்தோடு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முடிச்சு அவிழ்ந்தும் அவர் உள்ளே வரவில்லை. குனிந்து கீலைப் பார்த்தார். கேட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“எம்புட்டு நாளா இப்பிடிக் கெடக்கு மேடம்?”

“ரெண்டு மாசமாச்சு. நல்ல வெல்டர் யாரும் ஆப்புடல.”

செல்வம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை.

“அக்கா… இவருதான் தவமணி அண்ணன். அவனியாபுரத்துல கேட், கிரில் பட்டறை வச்சிருக்காரு.”

தவமணி கேட்டை மெதுவாகக் கீழே இறக்கினார்.

“டெய்லி காலையில நம்ம விளம்பரத்தப் பாத்துட்டுத்தான் காப்பியே குடிப்பாங்கன்னு சொன்னியே தம்பி. இவுகளா?”

காப்பி சங்கதி செல்வம் சேர்த்தது. நான் பொறுப்பில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் செல்வம் சமாளிக்கப் பார்த்தான். “அக்கா, லேப்டாப்ல சைட்டத் திறந்து காட்டுங்க. அண்ணன் நேர்ல பாக்கட்டும்.” திறந்தேன். வெள்ளை வெளேரென்று பக்கம். அவனுடைய செய்தி மட்டும், அழகான பத்தி அகலத்தில். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“அக்கா, விளம்பரமெல்லாம் எங்க?”

ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ரப்பரைக் காட்டினேன். சிவப்புக் கட்டத்தைக் காட்டினேன். திருவாதவூர்க்காரரையும் துணைக்கு இழுத்தேன். செல்வத்தின் கையில் காப்பி டம்ளர் அப்படியே நின்றது. வெள்ளத்துக்காக நான் எடுத்துவைத்திருந்த கோபத்தை, என் பக்கத்து மேஜைக்காரன் மேல் அல்லவா கொட்டியிருக்கிறேன்? நகைக்கடைக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

“எதுக்கு மறைச்சீங்க மேடம்?” தவமணி கேட்டார். குரலில் கோபமில்லை. “மெய்யாச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். மறைத்ததை எல்லாம் திரும்பக் கூப்பிட்டேன். வந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பொறி பறந்தது, எழுத்துகள் இடமிருந்து வலம் ஓடின, தண்ணீர் வராத தெருவின் பெயர் இருந்த வரியை மூடிக்கொண்டு நின்றது. மூடுவதற்கான பெருக்கல் குறி எள்ளளவு.

தவமணி தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இது நம்மளுதா? போன்ல சின்னதாத் தெரிஞ்சுச்சு.”

“நீங்கதானண்ணே பொறி பறக்கணும்னீங்க. நான் ஒண்ணு போதும்னேன், நீங்க நாலு கேட்டீங்க,” என்றான் செல்வம்.

“கேட்டேன்தான்.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “பட்டறையில பொறி பறந்தா நானே கண்ணாடி போட்டுட்டுத்தான் பாக்குறேன். இவுக வெறுங்கண்ணால பாக்கணும்னா எப்பிடிப் பாப்பாக?”

அதற்குப் பிறகு எனக்குப் பழைய வேலை கிடைத்தது. பேனா, ஒரு தாள். பொறியை வெட்டினேன். ஓட்டத்தை வெட்டினேன். ‘தரமான, நம்பிக்கையான, நீண்டகால அனுபவமிக்க’ மூன்றையும் வெட்டினேன்.

“அனுபவத்த விட்ருங்க மேடம், பாவம்,” என்றார்.

“விட மாட்டேன். இடமில்ல.”

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: கேட் சாத்த மாட்டேங்குதா? தவமணி பட்டறை, அவனியாபுரம். கீழே போன் நம்பர். கிரில் போய்விட்டதே என்று அவர் குறைப்பட்டார். கேட்டுக்கு வருகிறவர் கிரில்லையும் பார்ப்பார் என்று சமாதானம் சொன்னேன். ஆடாமல் அசையாமல், செய்திக்குக் கீழே, ஒரு ஓரமாக வைப்பது என்று முடிவானது.

“இன்னும் மூணு மாசம் பாப்போம் தம்பி,” என்றார் தவமணி. செல்வம் அதற்குள் ஆறிப்போயிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தான்.

போகும்போது இருவரும் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் கட்டுவதைவிட இறுக்கமாக.

மறுநாள் நானே ரப்பரோடு உட்கார்ந்தேன். எடைக் குறைப்பு, எண் கணிதம், இடுப்புவலித் தைலம் எல்லாம் பழையபடி மறைந்தன. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சிவப்புக் கட்டம் வந்ததும் க்ளிக் செய்வதற்கு முன், ஒருமுறை படித்துவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்வதற்காகவாவது படிக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை தவமணியே மெஷினோடு வந்து கீலை வைத்துக் கொடுத்தார். ஒரு விரலால் தள்ளினேன். கேட் சத்தமில்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. வெளியே இரண்டு ஆடுகள் நின்று அதைப் பார்த்தன. கயிற்றை வீட்டுக்காரர் சுருட்டி எடுத்துப் பத்திரமாக வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது தவமணி போனை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாரானார்.

“வேலை முடிஞ்சதும் எல்லார்ட்டயும் கேக்குறதுதான். உங்ககிட்டயும் கேக்கணும்ல. நம்ம பட்டறை எப்பிடித் தெரியும் அக்கா?”

மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன்.

“வெப்சைட்ல பார்த்தேன்,” என்றேன்.

“மொத ஆளு நீங்கதான்,” என்று சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது பொய்யில்லை… ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்தானே?