மறுமலர்ச்சி என்று பேனர் அடித்த பொங்கல்

எங்கள் தெருப் பொங்கல் விழாவுக்கு "மறுமலர்ச்சி" என்று பெயர் வைத்தது நான்தான். ஆரம்பாக்கத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எல்லோரும் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். கம்பெனியில் நான் தரம் பார்ப்பவன்; தெருவில் தமிழ் பார்ப்பவன். பேனருக்கு வார்த்தை வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

அந்தச் சொல் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஐரோப்பாவில் பழைய கலைகள் திரும்பத் தழைத்த காலத்துக்குப் பிரெஞ்சில் ரெனேசான்ஸ் என்று பெயர். மறுபடி பிறத்தல் என்று பொருள். நம் ஆட்கள் அதை அப்படியே மறுபிறப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பிறவி வேண்டாம் என்று சாமியிடம் கெஞ்சுகிற நாட்டில் அது எடுபடுமா? பூவைப் பிடித்தார்கள், மறுமலர்ச்சி என்றார்கள். முதலில் சொன்னவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

பேனர் மட்டும் போதுமா, மேடையில் எதையாவது மலர வைக்க வேண்டாமா? நடவுப் பாட்டு என்று முடிவு செய்தேன். என் அண்ணியும் அவருடைய தோழிகளும் கல்யாணத்துக்கு முன்னால் கழனியில் நாற்று நட்டவர்கள். இப்போது எல்லோரும் ஒரே கம்பெனியில் பேக்கிங். அண்ணி பாடினால் மைக்கே வேண்டாம். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டீசில் போட்டுவிட்டேன். கண்டாங்கிச் சேலைகள் வாடகைக்கு எடுத்தேன். ஒரு அன்னக்கூடை நிறைய நாற்றும் வாங்கி வந்தேன். நாற்று கொடுத்தவர் பக்கத்து ஊர் நிலக்காரர். அண்ணி நட்டதெல்லாம் அவர் கழனியில்தான். அவரையே சிறப்பு விருந்தினராகவும் அழைத்துவிட்டேன்.

விழாவன்று காலை அண்ணி கூடையைப் பார்த்தார்.

"இன்னா கொழுந்தனாரே, நாத்து யாருக்கு?"

"மேடையில நடற மாதிரி செஞ்சிகினே பாடணும் அண்ணி. சேலையைத் தூக்கிச் சொருகிகினு..."

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தாளு எதிர்ல சேர்ல உக்காந்துகினு இருப்பாரு, நாங்க திருப்பியும் குனிஞ்சிகினு நிக்கணுமா? இதான் உங்க மறுமலர்ச்சியா? இடுப்பு ஒடிஞ்சி எழுந்து வந்தது போறாதா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. பாட்டு மட்டும்தான் என் காதில் இருந்தது, அவர் முதுகை நான் நினைக்கவே இல்லை. ஓடிப்போய் நாற்றைத் திருப்பிக் கொடுத்தேன். சேலைகளையும் அனுப்பிவிட்டேன். பாட்டே வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லப் போனால், "பாட்டு எங்களுது. பாடறதா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயந்தரம் நிலக்காரர் வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அண்ணியைக் காணோம். வரவேற்புரையை நான் ஜவ்வு மிட்டாயாக இழுத்தேன். தெருவே கொட்டாவி விட்ட பிறகு அண்ணியும் தோழிகளும் வந்தார்கள், கம்பெனி கோட்டும் கழுத்தில் ஐடி கார்டுமாக. மேடையேறி நிமிர்ந்து நின்று, பழைய மெட்டை எடுத்தார்கள்.

"ஆறு மணி பஸ்ஸு வருது, ஏலேலோ,
அட்டையத்தான் மாட்டிக்கோடி, ஏலேலோ!
கேன்டீனு சாம்பாருல, ஏலேலோ,
பருப்பைத் தேடி முங்கிப் பாரு, ஏலேலோ!"

விசில் காதைப் பிளந்தது. நிலக்காரருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நான் வாய் பிளந்து நின்றேன். உதிர்ந்த பூ காம்பில் திரும்ப ஒட்டாது, செடிதான் இன்னொரு பூ பூக்கும். அந்தச் சொல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்த எனக்கு இது உறைத்ததே இல்லை.

பாடி முடித்து அவர்கள் இறங்கி, முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நிலக்காரர் அண்ணி பக்கம் திரும்பினார்.

"நல்லா இருந்துச்சும்மா. அந்தப் பழைய பாட்டு ஒண்ணு பாடேன். கேட்டு ரொம்ப நாளாச்சு."

அண்ணி அவரை ஒரு கணம் பார்த்தார்.

"வரப்பு மேல நின்னு நீங்க கேட்ட பாட்டுதானே நைனா? இன்னிக்கி நீங்க பாடுங்க. நாங்க உக்காந்துகினு கேக்குறோம்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து மைக்கை வாங்கினார். முதல் அடி வந்தது, குரல் நடுங்கினாலும் மெட்டு தப்பவில்லை. இரண்டாவது அடியில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே அடியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பாடினார். அடுத்த அடியையும் அண்ணிதான் கொடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் தெரு முழுக்க ஏலேலோ போட்டது.

நிலக்காரர் நின்றுகொண்டு பாடினார். அண்ணி கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.