லாச்சப்பலில் வாங்கிய சேலை

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் முதியவர்கள் கூடும் மண்டபத்தில், யாராவது பாரிஸ் போகப்போவதாகச் சொன்னால் என்னிடம்தான் அனுப்புவார்கள். படித்த மனிதர், போய் வந்தவர், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார் என்பார்கள். நானும் சொல்வேன். இரும்புக் கோபுரத்துக்கு இருட்டும் நேரத்தில் போங்கள். ஆற்றில் படகு ஓடும், அதில் ஏறுங்கள். ஓவியங்களுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இவற்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கோபுரத்தை மட்டும், அங்கே இருக்கும் என் தம்பியின் காரில் போகும்போது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கண்டேன்.

நாங்கள் போனது என் மனைவியின் கண்ணை நினைத்துத்தான். அவளுக்குக் கண் பிறஷர். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. போனது திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருடைய கிளினிக்கில் காத்திருந்தபோது, ஒரு பழைய சஞ்சிகையில் அவள் அந்தப் படத்தைக் கண்டாள். பாரிசில் உள்ள சிறிய தேவாலயம் ஒன்று. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் நிறக் கண்ணாடி. பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: சான்த் சப்பல்.

"கண் இருக்கேக்கை இதை ஒருக்கா பாக்கவேணும்" என்றாள்.

எங்கள் வாழ்க்கையில் ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பாரிஸ் என்றால் அங்கிருக்கும் சொந்தங்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அது வருடக்கணக்கில் குறையாக நிற்கும். மத்தியானம் ஒரு வீடு, இரவு இன்னொரு வீடு. எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஊரில் கல்லூரியில் படிப்பித்தவன் என்று எல்லா வீட்டிலும் நல்ல கதிரையை எனக்குத் தந்தார்கள். நான் கதைத்தேன், அவர்கள் கேட்டார்கள். அவள் குசினியில் நின்றாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை, தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவளே வாய்திறந்தாள்.

"தம்பி, எனக்கு ஒருக்கா சப்பலுக்குப் போகவேணும்."

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவுக்குப் பெயர் லாச்சப்பல். நகை, சேலை, மரக்கறி எல்லாம் அங்கேதான். தம்பிக்கு வேறு சப்பல் தெரியாது.

"பாத்தியளோ அண்ணை, கனடாவிலையிருந்து வந்தும் அண்ணிக்குச் சேலைக்கடைதான். அதுக்கென்ன, இப்பவே வெளிக்கிடுங்கோ."

அவனும் மனைவியும் சிரித்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்தப் படத்தை என் மடியில் வைத்துத்தான் அவள் காட்டியிருந்தாள். ஆனால் மத்தியானம் தம்பியின் சம்பந்தி வீட்டில் விருந்து. தேவாலயம் என்றால் வரிசையில் நிற்க வேண்டும், படி ஏற வேண்டும், அங்கே எனக்குக் கதிரை வைப்பார் யாரும் இல்லை. நானும் சிரித்தேன்.

கடையில் தம்பியின் மனைவி சேலைகளை விரித்துக்கொண்டே போனாள். என் மனைவி எதையும் தொடவில்லை. கடைசியில் நீலத்தில் ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். தெருவுக்கு வந்ததும், எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் சொன்னது இது இல்லை" என்றாள்.

"நாளைக்குப் பாப்பம்" என்றேன். நாளைக்கு விமானம்.

இப்போது அவளுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். ரொறன்ரோவின் மாசி மாதத்தில் அவை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போன கிழமை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். மோர்னிங்சைட்டில் இருப்பவள், பாரிஸ் போகுமுன் என்னிடம் ஆலோசனை கேட்டவள். என் காது மந்தமானதால் தொலைபேசியைச் சத்தமாகவே வைத்திருப்பேன்.

"அங்கிள், முக்கியமானதைச் சொல்லாமல் விட்டிட்டியளே. கண்ணாடியாலை ஒரு கோயில். உள்ளுக்கை நிண்டால் எங்கடை கையெல்லாம் நீலம்."

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். நான் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். மனைவி சோபாவில் இருந்தாள்.

"எந்த நீலம்? அந்தச் சேலை நீலமோ?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லி முடித்திருக்கலாம். மண்டபத்தில் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தெரியாது, நான் பாக்கேல்லை" என்றேன். பிறகு சொன்னேன்: "அண்டைக்கு நீர் கேட்டது எதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சிரிச்சனான்."

"எனக்கும் அது தெரியும். அண்டைக்கு உங்கடை சிரிப்புத்தான் பலமாக் கேட்டது."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தலையைப் பின்னால் சாய்த்து, இமைகளைத் தானே விரலால் விரித்துக்கொண்டாள். நான் குனிந்து ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி விட்டேன். அந்த மருந்து இனிப் பார்வைக்காக இல்லை. வலிக்காமல் இருப்பதற்கு மட்டும்.